வாக்ஸஹாச்சியின் கல்மாளிகை: டெக்ஸஸ் கிராமப்புறக் கவுன்டிகள் இத்தனை பெரிய நீதிமன்றங்களைக் கட்டியது ஏன்?

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், டல்லஸ் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஒரு காலத்தில் பருத்தியையே நம்பி வாழ்ந்த கரிசல் சமவெளியின் நடுவே வாக்ஸஹாச்சி என்ற ஊர் இருக்கிறது. அதன் மையச் சதுக்கத்தில் சாம்பல் நிற கிரானைட், இளஞ்சிவப்பு கிரானைட், செம்மணற்கல் ஆகிய மூன்றையும் பட்டை பட்டையாக ஏற்றிக் கட்டிய பெருங்கட்டடம் ஒன்று, சிறு கோபுரங்கள் சூழ, நடுவில் உயர்ந்த மணிக்கூண்டுடன் நிற்கிறது. விவரம் அறியாமல் பார்ப்பவர் அதை ஐரோப்பியப் பிரபு ஒருவரின் கோட்டை என்றே எண்ணக்கூடும். அது எல்லிஸ் கவுன்டியின் நீதிமன்றம். 1895 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில், அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1897-இல் பணி நிறைவேறியது. அப்போது அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே.

உழவையே நம்பியிருந்த ஒரு சிறு நிர்வாகப் பகுதி இவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியது ஏன் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை 'ஊர்ப் பெருமை' என்பதாகும். அது பொய்யில்லை; ஆனால் அந்த விடையோடு நின்றுவிட்டால் கட்டடத்தின் பெரும்பகுதி விளங்காமலே போய்விடும். அதன் உயரம், நான்கு புறமும் திறக்கும் வாசல்கள், தடித்த சுவர்கள், நடுவில் கோபுரம் வரை திறந்து கிடக்கும் படிக்கட்டு வெளி, இரண்டாம் தளத்தில் வைக்கப்பட்ட வழக்காடு மன்றம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் தூரம், தீ, வெப்பம், நில ஆவணம், அண்டை ஊரோடு போட்டி என்று ஒரு திட்டமான காரணம் இருக்கிறது. அந்தக் கட்டடங்கள் யாருக்காகக் கட்டப்பட்டன, யாரை உள்ளே விட்டும் விடாமலும் வைத்திருந்தன என்பதும் அவற்றின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாத பகுதியாகும்.

முதலில் கவுன்டி என்பது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். மாநில அரசுக்குக் கீழே, நகராட்சிகளுக்கு வெளியே பரந்து கிடக்கும் நாட்டுப்புறத்தை நிர்வகிக்கும் அலகு அது. டெக்ஸஸில் 254 கவுன்டிகள் உள்ளன. வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் இத்தனை இல்லை. கவுன்டி நீதிபதி ஒருவரும் நான்கு ஆணையர்களும் கொண்ட குழுவே அதன் ஆட்சி மன்றம். சாலை, வரி, வரவு செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆகவே கவுன்டி நீதிமன்றம் என்று அழைக்கப்படும் கட்டடத்தில் வழக்கு விசாரணை நடப்பது அதன் பல வேலைகளில் ஒன்று மட்டுமே. நிலப் பத்திரங்களும் திருமணங்களும் அங்கேதான் பதிவாகின்றன; வரி அங்கே கட்டப்படுகிறது. கால்நடைகளின் மேல் ஒவ்வொரு பண்ணைக்காரரும் சூடு போட்டுப் பதிக்கும் அடையாளக் குறியும் கவுன்டி எழுத்தரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். கடன் கட்டத் தவறியவரின் வீட்டையோ நிலத்தையோ ஏலம் விடுவதானால், டெக்ஸஸ் சட்டப்படி அது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பொதுவாக அந்தக் கவுன்டியின் நீதிமன்ற வளாகத்தில் நடக்க வேண்டும் என்ற விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு குடும்பத்துக்கு நிலம் வந்ததும் போனதும் இரண்டும் அந்த ஒரே இடத்தில்தான் முடிவாயின.

இப்படி ஒவ்வொரு குடும்பமும் ஆண்டில் சில முறையாவது வந்தாக வேண்டிய இடம் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். குதிரையிலோ வண்டியிலோ வருபவர் விடியலில் கிளம்பி, வேலையை முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணமே கவுன்டிகளின் அளவைத் தீர்மானித்த பொது வழக்கம். 1876-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டெக்ஸஸ் அரசியல் சட்டம், இன்னும் குடியேற்றம் நிகழாத மேற்குப் பகுதிகளில் உருவாகும் புதிய கவுன்டிகள் 900 சதுர மைலுக்குக் குறையக் கூடாது என்று வகுத்தது. அதாவது பக்கத்துக்கு 30 மைல் கொண்ட ஒரு சதுரம். தலைமையிடம் கவுன்டியின் மையப் புள்ளியிலிருந்து ஐந்து மைலுக்குள் அமைவதையும் அந்தச் சட்டம் ஊக்குவித்தது. தொலைவில் உள்ள தலைமையிடத்தை மையத்துக்கு மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை வாக்கு போதும். மற்ற இடமாற்றங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். டெக்ஸஸ் வரைபடத்தின் வடமேற்குப் பகுதியில் கட்டம் போட்ட தாளைப் போலக் கவுன்டிகள் வரிசையாக நிற்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 64 பேர் மட்டுமே வாழ்ந்த லவிங் கவுன்டிக்கும் மென்டோன் என்ற சிற்றூரில் தனி நீதிமன்றக் கட்டடம் உண்டு.

தலைமையிடம் என்ற தகுதி கிடைத்த ஊர் பிழைத்தது; இழந்த ஊர் பெரும்பாலும் தேய்ந்தது. வழக்கறிஞர்கள், வங்கி, விடுதி, அச்சகம், கடைவீதி அனைத்தும் அந்தக் கட்டடத்தைச் சுற்றியே திரண்டன. எனவே தலைமையிடத்துக்கான வாக்கெடுப்புகள் ஊருக்கு ஊர் கடும் பகையாக வளர்ந்தன. பிளாங்கோ கவுன்டியில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. கவுன்டியின் தென்பகுதியில் இருந்த பிளாங்கோ என்ற ஊர், எஃப். ஈ. ருஃபினி என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1885–86-இல் அழகான சுண்ணாம்புக்கல் நீதிமன்றத்தைக் கட்டியது. வடக்கே புதிதாக எழுந்த ஜான்சன் சிட்டியோ விடாமல் முயன்று, 1890-இல் வாக்கெடுப்பில் வென்று தலைமையிடத்தைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. ஐந்தாண்டுகூட முழுதாகப் பயன்படாத அந்த நீதிமன்றம் பின்னர் வங்கியாகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் பல வடிவம் எடுத்தது. மற்ற ஊர்கள் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தன. கல்லில் பெரிதாகக் கட்டி முடித்துவிட்ட ஊரிலிருந்து தலைமையிடத்தை நகர்த்த வாக்காளர்கள் தயங்குவார்கள், அவ்வளவு வரிப்பணத்தைக் கைவிட யாருக்கும் மனம் வராது என்ற கணக்கு அக்காலக் கட்டுமான ஆர்வத்துக்குள் மறைந்திருந்தது. பிளாங்கோவில் அந்தக் கணக்கு பொய்த்தது. பல இடங்களில் அது பலித்தது.

கட்டடம் அமர்ந்த சதுக்கத்தின் வடிவமும் தற்செயலானதன்று. ஊரின் நடுவில் ஒரு முழு மனைத் தொகுதியை நீதிமன்றத்துக்கு ஒதுக்கி, நான்கு பக்கமும் தெரு விட்டு, தெருக்களுக்கு அப்பால் கடைகளை வரிசையாக நிறுத்தும் அமைப்பு, டென்னஸி மாநிலத்தின் ஷெல்பிவில் நகரில் 1810 வாக்கில் உருவான திட்டத்தின் பெயரால் ஷெல்பிவில் சதுக்கம் என்று குறிக்கப்படுகிறது. தென் மாநிலங்களிலிருந்து மேற்கே குடிபெயர்ந்தவர்கள் அதைத் தங்களோடு டெக்ஸஸுக்குக் கொண்டு வந்தார்கள். இந்த அமைப்பில் கட்டடத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடு இருக்க முடியாது. நான்கு திசைக் கடைக்காரர்களும் தங்களைப் பார்த்தபடி ஒரு முகப்பும் ஒரு வாசலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கட்டடக் கலைஞரும் அதற்கு இணங்கியாக வேண்டும். நீதிமன்றம் கூடும் நாளில் மக்கள் திரளும் பழக்கத்திலிருந்தே சந்தைகளும் பிறந்தன. வான் ஸாண்ட் கவுன்டியின் தலைமையிடமான கான்டனில் மாதந்தோறும் நடக்கும் புகழ்பெற்ற பெருஞ்சந்தை, சுற்று நீதிபதி மாதத்தின் முதல் திங்கட்கிழமை வழக்குக் கேட்க வந்தபோது குதிரையும் நாயும் கைமாற்றிக்கொள்ளக் கூடிய கூட்டத்திலிருந்து வளர்ந்ததாகும். வழக்கும் வணிகமும் ஒரே நாளில் ஒரே மரநிழலில் நடந்தன.

ஆனால் 1870-கள் வரை டெக்ஸஸின் பெரும்பாலான கவுன்டிகளுக்கு இருந்தவை மரக்கட்டைகளை அடுக்கிய குடில்களும் பலகைக் கட்டடங்களும் எளிய கற்கட்டடங்களும்தான். அவை அடிக்கடி எரிந்தன. அடுப்பிலிருந்து தெறித்த நெருப்பில் எரிந்தவை உண்டு. வழக்கு ஆவணத்தையோ நிலப் பத்திரத்தையோ அழிப்பதற்காகவே யாரோ கொளுத்தியதாகச் சந்தேகிக்கப்பட்டவையும் உண்டு. பதிவேடு எரிந்தால் ஒரு கவுன்டியின் நில உரிமை முழுவதும் வாய்வார்த்தைக்கும் வழக்குக்கும் இறங்கிவிடும். தீக்கு அசையாத கட்டடம் வேண்டும் என்ற தேவை அழகுணர்ச்சியால் வந்ததன்று. அது சொத்துள்ளவர்களின் அச்சம். 1881-இல் டெக்ஸஸ் சட்டமன்றம், நீதிமன்றம் கட்டுவதற்காகக் கவுன்டிகள் கடன் பத்திரங்கள் வெளியிட அனுமதித்தது. இரயில் பாதைகள் பரவிய அதே ஆண்டுகளில் இந்தச் சட்டமும் வந்ததால், கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவர வழியும் அதற்குப் பணம் புரட்ட வழியும் ஒருசேரத் திறந்தன. அடுத்த இருபது ஆண்டுகளே டெக்ஸஸ் நீதிமன்றக் கட்டடக் கலையின் பொற்காலம் எனப்படுகின்றன.

அந்தப் பொற்காலத்தின் முதற்பாதியில் பிரெஞ்சுப் பாணியே கோலோச்சியது. மேலே தட்டையாகவும் பக்கங்களில் செங்குத்தாகவும் சரியும் உலோகக் கூரை, உயரமான ஒடுங்கிய சன்னல்கள், நடுக்கோபுரம் ஆகியவை அதன் அடையாளங்கள். வேக்கோ நகரைச் சேர்ந்த டபிள்யூ. சி. டாட்ஸன் இப்பாணியில் வெதர்ஃபோர்ட், கிரான்பரி, ஹில்ஸ்பரோ முதலிய ஊர்களுக்குக் கட்டிக் கொடுத்தார். மேற்குப் பாலைவனத்தில் மார்ஃபா என்ற ஊரில் 1886-இல் எழுந்த பிரெசிடியோ கவுன்டி நீதிமன்றமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதன் உச்சியில் நிற்கும் நீதிதேவதையின் கையில் தராசு இல்லை. தனக்கு நீதி கிடைக்கவில்லை என்று சினந்த மாட்டுக்காரர் ஒருவர் அதைச் சுட்டு வீழ்த்தினார் என்ற கதையை அந்த ஊரார் இன்றும் சொல்கிறார்கள்.

1890-களில் காற்று வேறு திசையில் வீசியது. பாஸ்டன் நகரின் டிரினிட்டி தேவாலயத்தையும் பிட்ஸ்பர்க் நகரின் அலெகெனி கவுன்டி நீதிமன்றத்தையும் வடிவமைத்த ஹென்றி ஹாப்ஸன் ரிச்சர்ட்ஸன் 1886-இல் இறந்தார். அவர் வளர்த்த பாணி அவருக்குப் பின்னரே நாடு முழுதும் பரவியது: முகப்பு கொத்தாத முரட்டுக் கற்கள், அகன்ற அரைவட்ட வளைவுகள், குட்டையான தடித்த தூண்கள், சுவரில் ஆழப் பதிந்த சன்னல்கள். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களிலிருந்து எடுக்கப்பட்ட இந்தக் கூறுகள் டெக்ஸஸ் வெயிலுக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தின. ஆழ்ந்த சன்னல் தானே நிழல் தந்தது. தடித்த கல் பகல் வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தியது. பர்னெட் கவுன்டியின் கிரானைட் மலை, ஆஸ்டினில் 1888-இல் முடிவடைந்த மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்காக ஏற்கெனவே வெட்டித் திறக்கப்பட்டு, இரயில் பாதையோடு இணைக்கப்பட்டிருந்தது. அதே மலையின் இளஞ்சிவப்புக் கல் கவுன்டி நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்தது.

இந்தப் பாணியை டெக்ஸஸில் மிக உயர்த்திப் பிடித்தவர் ஜேம்ஸ் ரைலி கார்டன். 1863-இல் வர்ஜீனியாவில் பிறந்து, சிறுவயதிலேயே சான் அன்டோனியோவுக்கு வந்தவர். அந்நகரில் கட்டப்பட்ட மத்திய அரசுக் கட்டடத்தின் பணியை இளமையிலேயே மேற்பார்வையிட்டவர். 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் டெக்ஸஸ் மாளிகையை வடிவமைத்தவரும் அவரே. லா கிரேஞ்ச், ஸ்டீஃபன்வில், சல்ஃபர் ஸ்பிரிங்ஸ், கொன்ஸாலஸ், டிகேட்டர், நியூ பிரான்ஃபல்ஸ், கிடிங்ஸ் என்று அவர் கட்டிய கவுன்டி நீதிமன்றங்களின் பட்டியல் நீள்கிறது. அவற்றுள் ஏறத்தாழ ஒரு டஜன் இன்றும் நிற்கின்றன. 1900-களின் தொடக்கத்தில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து 1937-இல் மறைந்தார். அவருடைய கட்டடங்களின் வெளித்தோற்றத்தைப் பாராட்டுபவர்கள் பலர். என் பார்வையில் அவருடைய உண்மையான சாதனை தரைத்திட்டத்தில் இருக்கிறது.

அந்தத் திட்டத்தைச் சற்று நின்று பார்க்கலாம். கட்டடம் சிலுவை வடிவில் நான்கு கரங்களை நீட்டுகிறது. வழக்கமான கட்டடத்தில் வாசல் ஒவ்வொரு முகப்பின் நடுவிலும் இருக்கும். கார்டனோ இரண்டு கரங்கள் சந்திக்கும் உள்மூலைகளில், தூண்கள் தாங்கிய வளைந்த தாழ்வாரங்களாக வாசல்களை அமைத்தார். இதனால் முகப்பின் நடுப்பகுதி முழுவதும் வெளிச்சம் தேவைப்படும் அலுவலக அறைகளுக்குக் கிடைத்தது. சதுக்கத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வருபவருக்கும் நிழலான ஒரு நுழைவு எதிர்ப்பட்டது. உள்ளே நுழைந்தால் எல்லா வழிகளும் நடுவில் உள்ள படிக்கட்டு வெளிக்கே செல்கின்றன. அந்த வெளி எந்தத் தளத்திலும் மூடப்படாமல் கோபுரத்துக்குள் ஏறிச் செல்கிறது. வெப்பக் காற்று மேலெழும்பிக் கோபுரத்தின் திறப்புகள் வழியாக வெளியேற, அந்த இடத்தை நிரப்ப நிழல் தாழ்வாரங்களிலிருந்து குளிர்ந்த காற்று அறைகளுக்கூடாக உள்ளே இழுக்கப்படுகிறது. மின்விசிறியும் குளிர்சாதனமும் இல்லாத காலத்தில், ஆகஸ்டு மாத வெயிலில் நாள் முழுதும் வழக்குக் கேட்க வேண்டிய கட்டடத்துக்கு இது உயிர்நாடியான ஏற்பாடு. வாக்ஸஹாச்சியில் ஊரே அண்ணாந்து பார்க்கும் மணிக்கூண்டு, நேரம் காட்டுவதோடு கட்டடத்தின் மூச்சுக்குழலாகவும் இருந்தது என்பதைச் சதுக்கத்தில் நின்று படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

லா கிரேஞ்சில் 1891-இல் அவர் கட்டிய ஃபயெட் கவுன்டி நீதிமன்றத்தில் இதே சிந்தனை இன்னொரு வடிவில் இருக்கிறது. அங்கே நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்றையே விட்டு, அதைச் சுற்றி அறைகளை வைத்தார். வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் அருகிலிருந்த மல்டூன் குவாரியின் நீலச்சாயல் மணற்கல்லும் சேர்ந்த அந்தக் கட்டடம் வாக்ஸஹாச்சியைவிட அடக்கமானது. வாழ்வதற்கு அதுவே இனிமையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

அறைகளின் அடுக்கிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அன்றாடம் மக்கள் வரும் எழுத்தர், வரி அலுவலர் போன்றோரின் அறைகள் தரைத் தளத்தில் அமைந்தன. இரும்புக் கதவிட்ட ஆவணக் காப்பறைகளும் எழுத்தரின் அறையை ஒட்டியே இருந்தன. வழக்காடு மன்றம் இரண்டாம் தளத்தில், இரண்டு மாடி உயரத்துக்கு மேற்கூரை எழும்பி, பல பக்கங்களிலும் நெடிய சன்னல்களோடு அமைந்தது. தெருவின் வண்டி இரைச்சலும் தூசியும் அங்கே குறைவு. காற்றும் வெளிச்சமும் மிகுதி. ஒலிபெருக்கி இல்லாத நாளில் சாட்சியின் குரல் கடைசி வரிசை வரை எட்ட வேண்டுமே என்ற கவலையும் அந்த உயரத்திலும் மர வேலைப்பாட்டிலும் தெரிகிறது. ஊரில் அதைவிடப் பெரிய கூடம் இல்லாததால் அரசியல் கூட்டங்களும் சமயக் கூட்டங்களும் சில இடங்களில் அங்கேயே நடந்தன.

வாக்ஸஹாச்சியின் தாழ்வாரத் தூண்களின் தலைப்பகுதியில் செதுக்கப்பட்டுள்ள முகங்களைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. வெளியூரிலிருந்து வந்த சிற்பி ஒருவர் தங்கும் விடுதிக்காரரின் பேத்தியைக் காதலித்து, முதலில் அவளை அழகாகச் செதுக்கினார் என்றும், அவள் மறுக்க மறுக்க முகங்கள் கோரமாயின என்றும் அந்தக் கதை சொல்கிறது. அதை ஆராய்ந்தவர்கள், அந்தக் கற்கள் பெரும்பாலும் டல்லஸ் பட்டறையில் செதுக்கப்பட்டு வந்தவை என்கிறார்கள். விகார முகங்களோ அந்தக் கட்டடப் பாணியின் வழக்கமான அலங்காரமே. கதை சுவையானது, ஆனால் உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை என்பதால் அதைச் சான்றில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்வது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன். பட்டறைத் தொழிலாளர்களின் கைத்திறன் ஒரு காதல் கதைக்குப் பின்னால் மறைந்துபோவதும் வருந்தத்தக்கது.

இத்தனைக்கும் செலவிட்ட பணம் பருத்தியிலிருந்து வந்தது. எல்லிஸ் கவுன்டி அக்காலத்தில் டெக்ஸஸின் முன்னணிப் பருத்திப் பகுதிகளில் ஒன்று. அந்தப் பருத்தியை விளைவித்தவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நிலமில்லாமல், விளைச்சலில் பங்கு கொடுத்து உழுத வாரக் குடியானவர்கள். கறுப்பினத்தவர்களும் ஏழை வெள்ளையர்களும் அவர்களுள் அடங்குவர். அவர்களுடைய உழைப்பால் எழுந்த கட்டடத்துக்குள் அவர்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்த இடம் என்ன என்று கேட்டால், தென் மாநில நீதிமன்றங்கள் பலவற்றிலும் அது வழக்காடு மன்றத்தின் பின்புறம் உயரத்தில் இருந்த பால்கனி. தனிப் படிக்கட்டு, தனித் தண்ணீர்க் குழாய், தனிக் கழிப்பறை என்று பிரிவினை கட்டடத்தின் உடலிலேயே பொருத்தப்பட்டது. 1912-இல் வாக்ஸஹாச்சி நீதிமன்றப் புல்வெளியில் உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்பின் வீரர்களுக்கு நினைவுச் சின்னம் நிறுவப்பட்டது. வாசலை நோக்கி நடந்து வந்த கறுப்பினக் குடிமகனுக்கு அது என்ன சொல்லியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கொடியவையும் நடந்தன. வேக்கோ நகரில் உள்ள மெக்லென்னன் கவுன்டி நீதிமன்றமும் கார்டன் வடிவமைத்ததே; 1902-இல் நிறைவடைந்தது. 1916 மே 15 அன்று அங்கே 17 வயதான ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற கறுப்பின இளைஞர் கொலைக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டார். ஜூரிகள் ஆலோசித்தது ஏறத்தாழ நான்கு நிமிடம். தீர்ப்பு வந்தவுடன் கூட்டம் அவரை வழக்காடு மன்றத்திலிருந்தே இழுத்துச் சென்று, நகர மன்றத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் பார்க்க எரித்துக் கொன்றது. கிரேஸன் கவுன்டியின் ஷெர்மன் நகரில் 1930 மே 9 அன்று ஜார்ஜ் ஹியூஸ் என்பவர் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டபோது, கூட்டம் நீதிமன்றத்துக்கே தீ வைத்தது. காவலர்கள் அவரைக் காப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பத்திரங்களைத் தீயிலிருந்து காக்கக் கட்டிய அந்த அறையால் மனிதர் ஒருவரைக் காக்க முடியவில்லை. கூட்டம் காப்பறையை வெடிவைத்துத் திறந்து அவருடைய உடலை வெளியே இழுத்ததோடு, நகரின் கறுப்பின வணிகப் பகுதியையும் எரித்தது. சட்டத்தின் உறுதியைப் பறைசாற்ற எழுப்பப்பட்ட கல், சட்டத்தைக் காக்க மனிதர்கள் துணியாத இடத்தில் வெறும் கல்லாகவே நின்றது.

நீதிமன்றக் கட்டடமே சாட்சியாக மாறிய நிகழ்வும் டெக்ஸஸில் உண்டு. ஜாக்ஸன் கவுன்டியின் தலைமையிடமான எட்னாவில், பீட் ஹெர்னாண்டஸ் என்ற மெக்ஸிக வம்சாவளியினர் மீதான கொலை வழக்கு நடந்தது. அந்தக் கவுன்டியில் கடந்த 25 ஆண்டுகளில் மெக்ஸிகப் பெயர் கொண்ட ஒருவர்கூட ஜூரியாக அமர்ந்ததற்கான பதிவு இல்லை என்பதை அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். மெக்ஸிகர்களும் வெள்ளையர் என்றே கணக்கிடப்படுவதால் பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது மாநிலத்தின் வாதம். அதற்கு எதிராக முன்வைக்கப்பட்ட சான்றுகளுள் ஒன்று அதே நீதிமன்ற வளாகத்தின் கழிப்பறை. ஆண்களுக்கான இரண்டு கழிப்பறைகளில் ஒன்றில் எந்தக் குறிப்பும் இல்லை. மற்றதில் கறுப்பின ஆண்களுக்கு உரியது என்ற அறிவிப்போடு, ஸ்பானிய மொழியில் 'ஆண்கள் இங்கே' என்றும் எழுதப்பட்டிருந்தது. 1954 மே 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஹெர்னாண்டஸின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் கழிப்பறைப் பலகை தீர்ப்பின் வாசகத்திலேயே இடம்பெற்றது. ஒரு கவுன்டி தன் கட்டடத்தில் எழுதி வைத்ததை அதன் வழக்கறிஞர்களால் மறுக்க முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பாணிகள் மாறின. சிகாகோ கண்காட்சிக்குப் பின் கிரேக்க, உரோமானியத் தூண்களும் குவிமாடமும் விரும்பப்பட்டன. 1930-களின் பெருமந்த காலத்தில் மத்திய அரசு நிதியுதவியோடு, அலங்காரம் குறைந்த பெட்டி வடிவக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் பலவற்றின் மேல்தளத்தில் சிறைச்சாலை இருந்தது. பழைய கட்டடங்களுக்கு நேர்ந்த கதிதான் சொல்லத்தக்கது. குளிர்சாதனக் குழாய்களை மறைக்கப் பொய்க்கூரைகள் போடப்பட்டன. வழக்காடு மன்றத்தின் உயரம் பாதியாக வெட்டப்பட்டது. கிடைத்த வெளியிலெல்லாம் அலுவலகங்கள் திணிக்கப்பட்டன. லா கிரேஞ்சின் முற்றத்தையே மூடி ஆவணக் காப்பறை ஆக்கினார்கள். ஒழுகிய கோபுரங்களைப் பழுதுபார்ப்பதைவிட இடித்துத் தள்ளுவது மலிவு என்று சில கவுன்டிகள் முடிவு செய்தன. குறைந்துகொண்டே வந்த கிராம மக்கள்தொகையும் சுருங்கிய வரி வருவாயும் இதற்குப் பின்னணி என்பதால், அந்த ஆணையர்களை மட்டும் குறை சொல்வது எளிதன்று.

நீதிமன்றத்தை இடிக்கவோ பெரிதும் மாற்றவோ விரும்பும் கவுன்டி ஆறு மாதம் முன்னதாக மாநில வரலாற்று ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1971-இல் சட்டம் வந்தது. தடுக்கும் சட்டமாக அது இருந்ததே தவிர, பழுதுபார்க்கப் பணம் தருவதாக இல்லை. 1993 புத்தாண்டு நாளில் ஹில்ஸ்பரோவில் டாட்ஸன் கட்டிய ஹில் கவுன்டி நீதிமன்றம் தீக்கிரையானது. அந்தக் கவுன்டியில் பிறந்த பாடகர் வில்லி நெல்ஸன் நிதி திரட்டக் கச்சேரி நடத்தினார். சில ஆண்டுகளில் கட்டடம் மீண்டும் எழுந்தது. 1998-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, டெக்ஸஸின் பழைய நீதிமன்றங்களை நாட்டின் அபாயத்தில் உள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. மறுஆண்டே மாநிலச் சட்டமன்றம் ஐந்து கோடி டாலர் ஒதுக்கி, நீதிமன்றப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. செலவில் ஒரு பங்கைக் கவுன்டி ஏற்க வேண்டும். கட்டடத்தின் வரலாறும் பழுதும் அடங்கிய முழுமைத் திட்ட அறிக்கையைத் தர வேண்டும். புதுப்பித்த பின் அதை எளிதில் மாற்றவோ விற்கவோ கூடாது. இத்திட்டத்தில் முதலில் நிறைவடைந்தது ஆல்பனியில் உள்ள ஷாக்கல்ஃபோர்ட் கவுன்டி நீதிமன்றம். 2001-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. வாக்ஸஹாச்சியும் லா கிரேஞ்சும் அதே பத்தாண்டுக்குள் புத்துயிர் பெற்றன. லா கிரேஞ்சின் முற்றம் அடைப்பு நீங்கி மறுபடி திறந்தது.

புதுப்பிப்பு என்பது பொய்க்கூரையைப் பிரிப்பதோடு முடிவதில்லை. பிரித்த இடத்தில் பழைய பால்கனியும் வெளிப்படுகிறது. அதை அழகிய மரவேலையாக மட்டும் மெருகேற்றி விடுவதா, யார் எதற்காக அங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதையும் அருகில் எழுதி வைப்பதா என்ற கேள்விக்கு எல்லாக் கவுன்டிகளும் ஒரே விதமாக விடை சொல்லவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வேக்கோவில் ஜெஸ்ஸி வாஷிங்டனுக்கு 2023-இல் நகர மன்றத்தின் அருகே நினைவுப் பலகை நிறுவப்பட்டது. நூறாண்டுக்கு மேல் தாமதமானாலும், அது நடந்த இடத்திலேயே நிற்கிறது. இன்னொரு மாற்றம் பாதுகாப்பு ஏற்பாட்டால் வந்தது: நான்கு திசைக்கும் வாசல் வைத்துக் கட்டிய நீதிமன்றங்கள் பலவற்றில் இன்று ஒரே வாசலில் உலோகச் சோதனை நடத்தி, மற்றவற்றைப் பூட்டி வைக்கிறார்கள். காரணம் புரிந்துகொள்ளத்தக்கதே என்றாலும், தரைத்திட்டத்தின் அடிப்படையையே அது குலைத்துவிடுகிறது.

பாதுகாப்புத் திட்டம் எதிர்பாராத வகையில் பயன்பட்ட இடம் மேஸன். 1909–10-இல் கட்டப்பட்ட மேஸன் கவுன்டி நீதிமன்றத்துக்குப் புதுப்பிப்பு நிதி ஒதுக்கப்பட்டு, பணி தொடங்குவதற்காக அலுவலகங்களும் பதிவேடுகளும் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்த வேளையில், 2021 பிப்ரவரி 4 இரவு ஒருவர் அதற்குத் தீ வைத்தார். கூரையும் குவிமாடமும் உள்மரவேலைகளும் சாம்பலாயின. மணற்கல் சுவர்களும் தூண்களும் நின்றன. பத்திரங்கள் எதுவும் எரியவில்லை. பழுதுபார்ப்பதற்காகக் கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் முன்னரே அளக்கப்பட்டு வரைபடமாக்கப்பட்டிருந்ததால், அந்த வரைபடங்களைக் கொண்டே நின்ற சுவர்களுக்குள் கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. அந்தக் கவுன்டியின் மக்கள்தொகை 4,000-ஐ ஒட்டியே இருக்கிறது.